வின்டர்ஹில்லின் ஆறு தீபங்கள்

வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கமாக இறங்குகிற ஒழுங்கையொன்றில் வின்டர்ஹில் இன்டர்நெஷனல் பிரைமரி ஸ்கூல் இருந்தது. அந்த ஒழுங்கையில் குளிர்காலமும் வந்ததில்லை, குன்றும் இருந்ததில்லை. முன்பு ஒரு பல் வைத்தியர் குடியிருந்த இரண்டு மாடி வீடு அது. பல்லுப் பிடுங்கின அறையில் முதலாம் ஆண்டும், ஆட்கள் காத்திருந்த விறாந்தையில் இரண்டாம் ஆண்டும் நடந்தன. வாசலுக்கு நேரே ஆறு தீபங்கள் வரைந்த பெரிய படம். உண்மை, துணிவு, வெளிப்படை, அன்பு, திறந்த மனம், உலகம் என்று ஒவ்வொரு தீபத்துக்கும் கீழே ஆங்கிலத்தில் ஒரு சொல். பள்ளிக்கூடத்தின் நோக்கம் முழுவதும் அந்த ஆறு தீபங்களுக்குள் அடங்கிவிட்டதாக அதிபர் ஐறீன் ராஜநாயகம் அம்மையார் சொல்லுவார். அவர் கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்தவர். தமிழ் கதைப்பார். கதைக்கும்போது பல்லில் ஏதோ அகப்பட்டதுபோல முகத்தை வைத்துக்கொள்வார்.

ஸ்ரீஸ்கந்தராசா பாமன்கடையில் ஒரு மருந்துக்கடையில் மருந்து எடுத்துக் கொடுக்கிறவர். வைத்தியர்மாரின் கோழிக்கிறுக்கல்களை எல்லாம் வாசித்து விளங்கிக்கொள்ளக்கூடிய அந்த மனிதருக்கு, வின்டர்ஹில் தந்த அனுமதிப் படிவம் மட்டும் விளங்கவில்லை. 'உங்கள் பிள்ளை எந்தக் கேள்வியாக இந்த உலகத்துக்கு வந்திருக்கிறது?' என்று அதில் ஒரு இடம் விட்டிருந்தார்கள். மனைவி கௌரியும் அவரும் இரண்டு நாள் யோசித்துவிட்டு, 'சுகப்பிரசவம்' என்று எழுதினார்கள்.

நேர்முகத்தில் அதிபர் கேட்டார்: "மிஸ்டர் ஸ்ரீ, உலகத்தைப் பற்றி உங்கடை கனவு என்ன?"

"காலமை வேலைக்குப் போகேக்கை ரெண்டு செக்பொயின்ற்றிலையும் மறிக்காமல் விட்டால் நல்லது, மிஸ்."

அதிபர் 'சமாதானத்தில் நாட்டமுள்ள தகப்பன்' என்று குறித்துக்கொண்டார். மகள் ஆரபிக்கு இரண்டாம் ஆண்டில் இடம் கிடைத்தது.

வின்டர்ஹில்லில் பாடம் என்று ஒன்றும் கிடையாது, தேடல்தான். ரீச்சர்மார் வழித்துணைகள். வாசலில் பிள்ளைகளின் பையைக் கிளறிப் பார்க்கிற காவல்காரர்கூட அங்கே வரவேற்புத் தோழர். கணக்கு என்ற சொல் பிஞ்சு மனதைப் பயமுறுத்தும் என்பதால் அதற்கு 'எண்களோடு சிநேகம்' என்று பெயர். ஒருமுறை ஆரபி ஏழும் எட்டும் பதினாறு என்று எழுதிவிட்டாள். பிழை என்று யாரும் கோடு போடவில்லை. 'ஆரபி பதினைந்தை நோக்கிப் பயணித்துக்கொண்டிருக்கிறாள்' என்று ரிபோட் வந்தது. ஸ்ரீஸ்கந்தராசா அதை மூன்றுதரம் வாசித்தார்.

"பதினைஞ்சைத் தாண்டியெல்லோ போட்டாள்," என்றார் மனைவியிடம்.

"அவையளுக்குத் தெரியாதே? இங்கிலீஷிலை எழுதியிருக்கினம்," என்றாள் கௌரி.

உலகம் என்ற தீபத்தின் கீழே பிள்ளைகள் பென்குவின்களைப் பற்றி ஆறு கிழமை தேடினார்கள். அந்த ஆறாம் கிழமை, யாழ்ப்பாணத்துக்குப் போகிற ஏ-ஒன்பது பாதை மூடியிருக்கையில் தன் மாமா எப்படிக் கொழும்புக்கு வரலாம் என்று ஆரபி வகுப்பில் கேட்டாள். அது அரசியல் என்று அதிபரிடமிருந்து வீட்டுக்குக் குறிப்பு வந்தது. தென்துருவத்துக்குப் போகிற வழியைப் பிள்ளை தாராளமாகக் கேட்கலாமாம்.

பிறகு பள்ளிக்கூடப் பைகளில் குண்டு வரக்கூடும் என்று ஊரெல்லாம் பதற்றம் எழும்பியது. மற்றப் பள்ளிக்கூடங்கள் பைகளைச் சோதித்ததோடு நிறுத்திக்கொண்டன. வின்டர்ஹில் மட்டும் அந்தப் பயத்தைப் பாடத்திட்டத்தில் சேர்த்துக்கொண்டது. உள்ளே இருப்பது தெரிகிற பிளாஸ்ரிக் பை, தெரிகிற சாப்பாட்டுப் பெட்டி, தெரிகிற பென்சில் பெட்டி. "ஒளிக்கிறதுக்கு ஒன்றும் இல்லாத பிள்ளைதான் சந்தோஷமான பிள்ளை," என்று அதிபர் பெற்றோர் கூட்டத்தில் சொன்னார். எல்லாரும் கை தட்டினார்கள். ஸ்ரீஸ்கந்தராசாவும் தட்டினார். தன் மகள் கொண்டுபோகிற புட்டும் முட்டைப்பொரியலும் தெருவெல்லாம் தெரிவதில் ஏதோ ஒரு மேன்மை இருக்கிறதாக்கும் என்று அவரும் நம்பினார். நம்பியதைத்தான் பிற்பாடு அவரால் பொறுக்க முடியவில்லை.

அந்த மாசிமாதத்தில் கௌரியின் தம்பி சிவரூபன் வந்து சேர்ந்தான். கோப்பாயிலிருந்து புறப்பட்டு, ஆமியின் கிளியரன்சுக்கு இரண்டு மாதம் காத்திருந்து, கப்பலில் திருகோணமலைக்கு வந்து, அங்கிருந்து பஸ்ஸில் கொழும்பு. வயது இருபத்துநாலு. கனடாத் தூதரகத்தில் அவனுக்கு நேர்முகத் திகதி கிடைத்திருந்தது. அதற்கு இன்னும் ஏழு கிழமை.

கொழும்பில் வந்து தங்குகிற தமிழர் பொலிசில் பதிய வேண்டும். பதிவுத்தாளில் வீட்டுக்காரர் கையெழுத்து வைக்க வேண்டும். இவர்கள் இருந்தது ஒரு வீட்டின் பின்பக்க அனெக்ஸ். வீட்டுக்காரர் நல்ல மனிசன்தான், ஆனால் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த இளந்தாரி என்று கேட்டதும் பேனையை மூடிச் சட்டைப்பைக்குள் வைத்துவிட்டார். "நான் காணேல்லை. அவ்வளவுதான் என்னாலை ஏலும்," என்றார். பதிவுத்தாளில் பழையபடி மூன்று பேர். வீட்டுக்குள்ளே நாலு பேர். வாசல் மணி அடித்தால் ரூபன் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வான். ஆரபிக்கு அது ஒரு விளையாட்டாக இருந்தது.

"ஒருத்தருக்கும் சொல்லக்கூடாது, என்ன?" என்று கௌரி மகளுக்குச் சொல்லியிருந்தாள்.

"ஒருத்தருக்கும் சொல்லேல்லை அம்மா," என்றாள் ஆரபி. அந்தக் கிழமை அது உண்மையாகவும் இருந்தது.

அடுத்த கிழமை இரண்டாம் ஆண்டின் புதிய தேடல் தொடங்கியது. தலைப்பு, 'என் வீடு, என் ஆட்கள்'. வீட்டை நெடுக்காக வெட்டிப் பார்த்ததுபோல ஒவ்வொரு பிள்ளையும் படம் வரைய வேண்டும். யார் எங்கே படுப்பது, எப்போது வந்தது, எங்கிருந்து வந்தது, வீட்டில் யாருக்கு என்ன பழக்கம், எல்லாம் எழுத வேண்டும். விட்டுப்போனால் உண்மைத் தீபம் கிடைக்காது. பெற்றோர் முன்கூட்டிப் பார்க்கவும் கூடாது. பார்த்தால் பிள்ளையின் சுதந்திரமான சிந்தனை கலங்கிவிடும் என்று சுற்றறிக்கை வந்தது. கண்காட்சி நாளில்தான் திரை விலக்குவார்களாம். சமூக உதவியாளர் ஒருவர் பிரதம விருந்தினராக வருவார் என்றும் போட்டிருந்தது.

கௌரி சுற்றறிக்கையை வாசித்துவிட்டு, "தபால்காரரா இருக்கும்," என்றாள்.

கண்காட்சி ஒரு வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு. வாசலில் வரவேற்புத் தோழர் பிரம்புக் கூடையொன்றை நீட்டிக்கொண்டு நின்றார். கைத்தொலைபேசிகளை அதில் போட வேண்டும். 'முழு மனதோடு வந்திருங்கள்' என்று கூடையில் எழுதி ஒட்டியிருந்தார்கள். ஸ்ரீஸ்கந்தராசா முழு மனதோடு தன் போனைப் போட்டுவிட்டு உள்ளே போனார். கௌரி கடும்பச்சைச் சேலை உடுத்தியிருந்தாள்.

விறாந்தையில் அதிபருக்குப் பக்கத்தில் காக்கி உடுப்போடு ஒரு இன்ஸ்பெக்டர் இருந்தார். பின்னால் இரண்டு கொன்ஸ்டபிள்மார். அதிபர் ஒலிவாங்கியைப் பிடித்தார்.

"டியர் பேரன்ட்ஸ், முதலில் ஒரு டொக்டரைக் கேட்டோம், நேரம் இல்லை என்றார். தபால்கந்தோரிலும் கேட்டோம், பதில் இல்லை. இன்ஸ்பெக்டர் ஐயா மட்டும் ஒரே சொல்லில் வருகிறேன் என்றார். எங்கள் பிள்ளைகளின் வீடுகளை அறிய அவருக்கு எவ்வளவு ஆசை, பாருங்கள்!"

பெற்றோர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். யாரும் கை தட்டவில்லை. அதிபர் அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டு திரையை இழுத்தார்.

பதினெட்டு வீடுகள் நெடுக்காக வெட்டப்பட்டுச் சுவரில் தொங்கின. ஸ்ரீஸ்கந்தராசா மகளின் படத்தைத் தேடிக் கண்டுபிடித்தபோது வகுப்பு ரீச்சர் லுத்பியா அதற்கு முன்னால் நின்றா. மாளிகாவத்தையிலிருந்து வருகிற இளம்பெண் அவ. கையில் கடதாசிச் சூரியகாந்தி ஒன்று. படத்தின் வலப்பக்க மூலையில் அதை ஒட்ட முயன்றுகொண்டிருந்தா.

"லுத்பியா, வட் இஸ் திஸ்?" என்று அதிபர் வந்து பூவைப் பிடுங்கினார். "பிள்ளையின் வேலையை மறைக்கிறதா? எங்களுடைய மூன்றாவது தீபம் என்ன?"

"வெளிப்படை, மிஸ்," என்றா லுத்பியா.

பூ இருந்த இடத்தில் நீண்டு வளர்ந்த ஒரு மனிதன் பாயில் படுத்திருந்தான். பெரிய மீசை. பக்கத்தில் சூட்கேஸ். கீழே மகளின் உருட்டிய ஆங்கில எழுத்தில்: 'இது ரூபன் மாமா. யாழ்ப்பாணத்திலிருந்து கப்பலில் வந்தார். மணி அடித்தால் குளியலறைக்குள் போவார். யாருக்கும் சொல்லக்கூடாது. ஆனால் உண்மை சொல்வது எனக்குப் பிடிக்கும்.'

அதை வாசித்த கௌரியின் கை ஸ்ரீஸ்கந்தராசாவின் முழங்கையை இறுகப் பிடித்தது. அவர் படத்துக்கும் கூட்டத்துக்கும் நடுவில் தன் முதுகைக் கொண்டுபோய் வைத்தார். சின்ன உடம்பு அவருக்கு. மாமாவின் மீசையைக்கூட முழுதாக மறைக்கவில்லை.

இன்ஸ்பெக்டர் ஒவ்வொரு வீடாகப் பார்த்துக்கொண்டு வந்தார். ஸ்ரீஸ்கந்தராசாவின் தோளைத் தொட்டு மெதுவாக விலக்கினார். வாசித்தார். "லஸ்ஸணய்," என்றார் சிங்களத்தில். அழகாயிருக்கிறதாம். பிறகு குனிந்து ஆரபியிடம் ஆங்கிலத்தில் கேட்டார்: "மாமா இப்போது வீட்டில் இருக்கிறாரா, மகள்?"

ஆரபி தாயைப் பார்த்தாள். தாயின் முகத்தில் என்ன கண்டாளோ, வாயைத் திறக்கவில்லை.

"கமோன் டார்லிங், அங்கிளுக்குச் சொல்லுங்கோ," என்று அதிபர் அவளின் தலையைத் தடவினார். "உண்மைத் தீபம் யாருக்கு? உங்களுக்குத்தானே?"

"இருக்கிறார்," என்றாள் ஆரபி.

பிள்ளைகள் எல்லாரும் கை தட்டப் பழக்கப்பட்டிருந்தார்கள். தட்டினார்கள். இன்ஸ்பெக்டர் பொக்கெற் நோட்டில் விலாசத்தை எழுதிக் கொன்ஸ்டபிளிடம் கிழித்துக் கொடுத்தார். அதன்பிறகு அதிபர் நீட்டிய தட்டிலிருந்து தங்கநிறத் தீபம் பொறித்த சின்னத்தை எடுத்து, ஆரபியின் சட்டையில், ஊசி உடம்பில் பட்டுவிடாமல் கவனமாகக் குத்தினார். படம் பிடித்தார்கள்.

ஸ்ரீஸ்கந்தராசா வாசலுக்கு ஓடினார். "போனைத் தாங்கோ!" என்றார்.

"நிகழ்ச்சி முடிய முந்தி கூடையிலை கை வைக்க ஏலாது சேர்," என்றார் வரவேற்புத் தோழர். "பிரின்சிபல் கையெழுத்து வைச்ச துண்டு வேணும்."

துண்டும் வேண்டாம், போனும் வேண்டாம் என்று அவர் ஒழுங்கையில் இறங்கி ஓடினார். இரண்டு ஒழுங்கை தள்ளித்தான் வீடு. நாற்பத்திரண்டு வயதில் அவர் அப்படி ஓடியதில்லை. போய்ச் சேர்ந்தபோது ஜீப் வாசலில் நின்றது. ரூபனைக் கட்டியிருந்த சாரத்தோடேயே ஏற்றியிருந்தார்கள். முகச்சவரம் செய்துகொண்டிருந்தவன். ஒரு பக்கக் கன்னத்தில் சவர்க்கார நுரை.

"அத்தான், ஆர் சொன்னது?" என்று மட்டும் கேட்டான்.

ஜீப் போய்விட்டது. முன்பக்கத்தில் வீட்டுக்காரர் யன்னலை மெதுவாகச் சாத்தினார். அவர் ஒன்றும் காணவில்லை.

பின்னேரம் ஆரபி சின்னத்தைக் கழற்றித் தகப்பனின் கையில் வைத்தாள். "நான் பொய்யோ சொல்லியிருக்கோணும், அப்பா?" என்று கேட்டாள். அவர் பிள்ளையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டார். கௌரி குசினிக்குள் இருந்து அழுதாள். பிள்ளைக்குக் கேட்கக்கூடாதென்று தண்ணீர்க்குழாயைத் திறந்து விட்டிருந்தாள்.

பொலிசில் நாலு நாள் அலைந்தார்கள். அவன் தூதரகத்துக்கு வந்தவன்தான், பிள்ளையின் சொந்தத் தாய்மாமன், பதிய முயன்றும் முடியாமல் போனது என்று யாராவது கடிதத்தாளில் முத்திரை குத்தித் தந்தால் உதவும் என்று ஒரு சட்டத்தரணி சொன்னார். பெரிய மனிதரின் கடிதமாக இருக்க வேண்டுமாம். ஸ்ரீஸ்கந்தராசாவுக்குத் தெரிந்த ஒரே கடிதத்தாள் வின்டர்ஹில்லில்தான் இருந்தது. வெட்கத்தை விட்டுப் போனார்.

"வாங்கோ மிஸ்டர் ஸ்ரீ!" அதிபர் எழுந்தே நின்றார். "உங்களைப் பற்றித்தான் ஸ்ராஃப் மீட்டிங்கில் கதைத்தோம். ஒரு பிள்ளை எழுதினதை ஒரு பெரிய ஒஃபிசர் நோட் புக்கில் குறித்துக்கொண்டு போகிறார் என்றால், அது எவ்வளவு பெரிய விஷயம்! படித்தது அப்படியே வகுப்பைத் தாண்டி வெளியே போயிருக்கிறது. எங்கள் பாடத்திட்டம் கேட்பதே அதைத்தான்."

"மிஸ், என்ரை மச்சான் உள்ளுக்கை இருக்கிறான்."

"ஓம், ஓம், கேள்விப்பட்டேன். ஆரபிக்கு இது ஒரு நல்ல அனுபவம். கஷ்டத்திலிருந்து எழும்புவதைப் பற்றி அடுத்த தவணை செய்ய இருக்கிறோம். அவ ஏற்கனவே தொடங்கிவிட்டா."

அவர் கடிதத்தைக் கேட்டார். அதிபரின் முகம் வருத்தத்தால் நீண்டது.

"அதுதான் ஏலாது. வின்டர்ஹில் அரசியலில் தலையிடாது."

"பொலிசைக் கூப்பிட்டது, மிஸ்?"

"அது சமூகத் தொடர்பு."

"நீங்களும் தமிழ்தானே, மிஸ்," என்றார் ஸ்ரீஸ்கந்தராசா. எப்படியோ வாயிலிருந்து வந்துவிட்டது.

"நான் ஒரு உலகப் பிரஜை," என்றார் அதிபர். "என்னுடைய வீடு மூன்று தலைமுறையாகக் கொழும்பில் பதிந்த வீடு." பிறகு குரலை மிருதுவாக்கி, இளநீலக் கடதாசி ஒன்றை நீட்டினார். "மனதில் இருப்பதை உள்ளே வைத்திருக்கக்கூடாது. இது பெற்றோர் சிந்தனைப் படிவம். தாய்மொழியிலேயே எழுதலாம். நாங்கள் தாய்மொழியைக் கொண்டாடுகிறோம்."

கடிதம் கேட்கப் போனவர் படிவத்தோடு மூலையில் கிடந்த வாங்கில் இருந்தார். மருந்துப் போத்தல்களில் எழுதிப் பழகிய கை, எழுத்து முத்துமுத்தாக விழும். அவர் எழுதினார்:

'என் மகளுக்கு உண்மை பேசப் பழக்கினீர்கள். அவள் பேசிய உண்மையைப் பொலிசிடம் கொடுத்தீர்கள். என் மனைவியின் தம்பி இன்றைக்கு நாலாம் நாள் உள்ளே இருக்கிறான். அதற்கு ஒரு கடிதம் எழுதித் தரவும் உங்களால் முடியவில்லை. உங்களை நம்பியது எங்கள் பிழை. இனி யாரும் நம்பிப் பிள்ளையை இங்கே விடாதீர்கள். - ஸ்ரீஸ்கந்தராசா, ஆரபியின் அப்பா.'

அதிபர் அதை வாங்கி மேலும் கீழும் பார்த்தார். "எவ்வளவு அழகான எழுத்து!" என்றார். ஸ்ரீஸ்கந்தராசா ஒரு கணம் அவரின் முகத்தைப் பார்த்தார். கோபமும் இல்லை, வெட்கமும் இல்லை, ஒன்றும் இல்லை. அவ்வளவு கல் மனமா என்று நினைத்துக்கொண்டு இறங்கி வந்தார்.

அன்று பின்னேரம் லுத்பியா ரீச்சர் அவர்களின் வீட்டுக்கு வந்தா. இருக்கச் சொல்லியும் இருக்கவில்லை.

"அந்தப் படத்த நான் புதன்கிழமையே பாத்தேன்," என்றா. "கிழிச்சுப் போட்டிருக்கோணும். புள்ள ஆசையா வரஞ்சது, கிழிக்க மனசு வரல்ல. பூ ஒட்டினாப் போதும் எண்டு நெனச்சிட்டேன். என்ன மன்னிச்சிருங்க." கையிலிருந்த உறையைக் கௌரியிடம் கொடுத்தா. "வகுப்பு ரீச்சர் எண்டு கையொப்பம் வச்சு எழுதீக்கிறேன். ஸ்கூல் முத்திர இல்ல. வாப்பாட கடை முத்திரதான் ஈக்கி. அத வச்சீக்கிறேன்."

ஒரு ஹாட்வெயார்க் கடையின் முத்திரை குத்திய அந்தக் கடிதத்தைத்தான் சட்டத்தரணி கொண்டுபோனார். அதோடு தூதரகத்தின் அழைப்புத்தாளும் போனது. கடிதம் எழுதிய செய்தி எப்படியோ அதிபருக்கு எட்டியது. லுத்பியா, தன் வேறு திறமைகளைத் தேடிப் பயணிக்க வசதியாக, வின்டர்ஹில்லிலிருந்து விடுவிக்கப்பட்டா.

முப்பத்தேழாம் நாள் ரூபன் வெளியே வந்தான். நேர்முகத் திகதி இரண்டு நாள் முந்திப் போயிருந்தது. ஊருக்கே திரும்பிப் போக வேண்டும் என்று எழுதி வாங்கித்தான் விட்டிருந்தார்கள். மெலிந்திருந்தான். இடது கையை உயர்த்த முடியாமல் இருந்தது. ஆரபி கதவுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தாள். அவன் அவளை வலது கையால் கூப்பிட்டான்.

"மீசையைக் கொஞ்சம் பெரிசாக் கீறிப்போட்டியாம். அவ்வளவு இருக்கே எனக்கு?"

ஆரபி சிரிக்கவில்லை. மாமனின் உயராத கையைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அடுத்த கிழமை அவன் திருகோணமலைக்குப் பஸ் ஏறினான், கப்பலுக்குக் காத்திருக்க. கௌரி பஸ் மறைந்த பிறகும் அந்த இடத்தை விட்டு அசையவில்லை.

ஆரபியைத் தமிழ்ப் பள்ளிக்கூடம் ஒன்றில் சேர்த்தார்கள். வின்டர்ஹில்லில் அவளின் விலகல் கடிதத்தை எடுக்க ஒரு சனிக்கிழமை காலை ஸ்ரீஸ்கந்தராசா போனார். ஒழுங்கை முனையிலேயே திகைத்து நின்றார். அடுத்த ஆண்டுக்கான அனுமதி தொடங்கியிருந்தது. பெற்றோரின் வரிசை காலி வீதி வரை நீண்டு நின்றது. பள்ளிக்கூட மதிலில், மதிலளவுக்கு, புதிதாக அச்சடித்த பெரிய பதாகை. மேலே ஆங்கிலத்தில் 'எங்கள் பெற்றோர் பேசுகிறார்கள், தம் தாய்மொழியில்'. ஒரு மூலையில் இன்ஸ்பெக்டர் ஆரபிக்குச் சின்னம் குத்துகிற படம். நடுவில், இளநீல நிறத்தில், ஒவ்வொரு எழுத்தும் ஒரு சாண் உயரத்தில், அவர் படிவத்தில் எழுதியது முழுவதும், அவரின் பெயரோடு.

'உங்களை நம்பியது எங்கள் பிழை. இனி யாரும் நம்பிப் பிள்ளையை இங்கே விடாதீர்கள்.'

அப்போதுதான் அவருக்கு விளங்கியது. அதிபருக்குத் தமிழ் எழுத்து வாசிக்கத் தெரியாது. அந்தப் பள்ளிக்கூடத்து ரீச்சர்மாரில் தமிழ் வாசிக்கத் தெரிந்த ஒரே ஆள் லுத்பியா ரீச்சர்தான், அவவையும் அனுப்பியாகிவிட்டது. இரண்டு மாதத்துக்குப் பிறகு முதல்முறையாக அவருக்குச் சிரிப்பு வந்தது. நெஞ்சுக்குள் ஏதோ நிமிர்ந்தது. வரிசையில் நிற்கிறவர்களில் முக்கால்வாசிப் பேர் தமிழர். எல்லாரும் அந்த மதிலைப் பார்த்துக்கொண்டுதான் நின்றார்கள். சிலர் உதடு அசைய வாசித்தார்கள். கலைந்துவிடப் போகிறார்கள் என்று அவர் எதிர்ப்பக்கத்தில் நின்று காத்திருந்தார்.

வரிசை ஓரடி முன்னேறியது.

கண்ணாடி போட்ட ஒருவர், கையில் பைலோடு நின்றவர், பதாகையிலிருந்த பெயரையும், எதிர்ப்பக்கத்தில் அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்ற இவரையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு வரிசையில் தன் இடத்துக்கு மனைவியை விட்டுவிட்டு வீதியைக் கடந்து வந்தார்.

"நீங்களோ அண்ணை, ஆரபியின்ரை அப்பா?"

"ஓம்."

"உதிலை எழுதியிருக்கிறது நடந்ததோ?"

"நடந்தது."

"கடவுளே." அந்த மனிதர் உண்மையாகவே கலங்கிப்போனார். பைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். "எங்கடை ஆக்களுக்கு எவ்வளவு அநியாயம் செய்யினம். வாசிக்க எனக்குக் கை காலெல்லாம் பதறுது." திரும்பி வரிசையைப் பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டு இன்னும் கிட்ட வந்தார்.

"அண்ணை, குறை நினைக்காதேங்கோ. அப்ப இரண்டாம் ஆண்டிலை மகளின்ரை இடம் இப்ப காலியாத்தானே இருக்கும்?"